ஹெலிகாப்டர் ஓட்டக் கற்ற வரலாறு



தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் வாழ்வோருக்கு ஹெலிகாப்டரின் ஓசை புதிதன்று. ஒரு பக்கம் கடல். சற்றுத் தொலைவில் சுங்கை ஊடாங்கும் தெரண்டாக் இராணுவ முகாமும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சில நாள்களில் 'தடதட' என்ற ஓசை வானத்தில் எழும். உடனே பிள்ளைகளின் கண்கள் கரும்பலகையை விட்டுச் சன்னலுக்குப் போய்விடும்.

அப்படி ஒருநாள் ஒரு மாணவன், "ஐயா, அதுக்கு இறக்கையே இல்லையே, எப்படி ஆகாயத்துல அப்படியே நிக்குது?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து இன்னொருவன், "அதெல்லாம் பெரிய எடத்துப் பிள்ளைங்க ஓட்டுறதுடா. நமக்கு எதுக்கு?" என்றான்.

முதல் பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாம் பிள்ளையின் சொல்லுக்குத்தான் விரிவாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெலிகாப்டரை மனிதன் எப்படி உருவாக்கினான், நம் நாட்டில் அது எப்படி வந்து நிலைத்தது, அதை ஓட்டப் பழகுகிறவன் எதை முதலில் கற்கிறான் என்னும் வரலாற்றை இன்று பார்ப்போம்.

சாதாரண விமானத்தின் இறக்கை அசைவதில்லை. விமானம் ஓடுதளத்தில் வேகமாக ஓடும்போது இறக்கையின் மேலும் கீழும் காற்று பாய்கிறது. அந்தக் காற்றே அதை மேலே தூக்குகிறது. ஓட்டம் நின்றால் தூக்கும் ஆற்றலும் போய்விடும். ஆகவே விமானத்திற்கு நீண்ட ஓடுதளம் வேண்டும். ஹெலிகாப்டருக்கோ இறக்கையே சுழல்கிறது. உடல் நின்ற இடத்தில் நின்றாலும் இறக்கை காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். "இறக்கையே இல்லையே" என்று அந்த மாணவன் கேட்டான் அல்லவா? தலைக்கு மேலே சுழலும் அந்த நீண்ட தகடுகள்தாம் அதன் இறக்கைகள்.

இயற்கை இந்த வித்தையை நமக்கு முன்பே காட்டியிருக்கிறது. தோட்டத்தின் கடைசி நிரைக்கு அப்பால் காடு தொடங்கும் இடங்களில் மெராந்தி மரத்தின் விதைகள் உதிர்வதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். விதையின் தலையில் நீண்ட இறகுகள் இருக்கும். அது கல்லைப்போல விழுவதில்லை. சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். அந்த விதையில் இயந்திரம் எதுவும் இல்லை. கீழிருந்து மேலெழும் காற்றே அதைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியே விழும் வேகத்தைக் குறைக்கிறது. இந்த விதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் பிற்பகுதியில் ஓர் உயிரையே காப்பாற்ற இது திரும்பி வரும்.

சுழலும் இறக்கையை அடக்கி ஆள்வது எளிதாக இருக்கவில்லை. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் உவான் தெ லா சியர்வா தொடக்கத்தில் செய்த பொறிகள் எழும்பப் பார்த்தபோதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன. காரணம் என்ன? பொறி முன்னே செல்லும்போது, சுழலும் இறக்கைகளில் ஒன்று காற்றை எதிர்த்து முன்னோக்கி வருகிறது. மறு பக்கத்து இறக்கை காற்றோடு பின்னோக்கிப் போகிறது. எதிர்த்து வருவதற்குத் தூக்கும் ஆற்றல் அதிகம். பின்னோக்கிப் போவதற்குக் குறைவு. ஆகவே ஒரு பக்கம் தூக்கி மறு பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு கீலைப் பொருத்தி, அது மேலும் கீழும் தானே அசைந்துகொள்ளும்படி சியர்வா செய்தார். 1923ஆம் ஆண்டு சனவரியில் அவருடைய பொறி கவிழாமல் பறந்தது. கதவில் நாம் பார்க்கும் கீல் போன்ற ஒரு சிறு பொருள், பறக்கும் கலையின் ஒரு பெரும் முடிச்சை அவிழ்த்தது.

சியர்வாவின் பொறியில் தலைமேல் இருந்த இறக்கையை இயந்திரம் சுழற்றவில்லை, எதிர்க்காற்றே சுழற்றியது. இயந்திரமே சுழற்றினால் வேறொரு தொல்லை வரும். இறக்கை ஒரு திசையில் சுழலும்போது உடல் எதிர்த் திசையில் சுழலப் பார்க்கும். அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி, வாலில் ஒரு சிறு விசிறியை வைத்து இதற்குத் தீர்வு கண்டார். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அவருடைய பொறி தரையை விட்டு எழும்பியது. அன்று அது தரையோடு கயிறுகளால் கட்டப்பட்டிருந்தது. கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அது. 1946 மார்ச் 8ஆம் நாள் அமெரிக்காவின் பெல் 47 என்னும் சிறு ஹெலிகாப்டர், பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் தகுதிச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று. பின்னர்ப் பல நாடுகளில் பயிற்சிக்கும் அது பயன்பட்டது.

நேயர்களே, இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டு சூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தை நம் தோட்டத்து முதியவர்கள் மறந்திருக்க முடியாது. முள்வேலிக்குள் அடைபட்ட குடியிருப்புகள், ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு என்று அவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். காட்டுக்குள் நடந்த சண்டையில் காயம்பட்டவர்களை வெளியே கொண்டுவருவது பெரும் பாடாக இருந்தது. தூக்குக் கட்டிலில் வைத்து, ஆறு கடந்து, சேற்றில் இறங்கி நாள் கணக்கில் சுமந்து வரவேண்டும். காயம் சிறிதாக இருந்தாலும் வழியிலேயே உயிர் போய்விடக்கூடும்.

1950ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விமானப் படை, காயம்பட்டவர்களை ஏற்றிவருவதற்கென்றே மூன்று டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. டிராகன்ஃபிளை என்றால் தும்பி. அந்த ஆண்டு சூன் மாதம் தென் சொகூரில் ஒரு போலீஸ் நிலையத்திலிருந்து காயம்பட்ட ஒரு போலீஸ்காரரை அது ஏற்றிச் சென்றது. இவ்வகையில் மலாயாவில் நடந்த முதல் மீட்பு அது.

ஆனால் தும்பிக்குப் பெரிய சுமை தாங்காது. அதிலும் நம் நாட்டு வெப்பத்தில் அதன் ஆற்றல் இன்னும் குறைந்தது. காற்று சூடேறினால் விரிந்து இலேசாகும். இலேசான காற்றில் இறக்கைக்குப் பிடிப்புக் குறைவு. இயந்திரத்துக்கும் மூச்சுக் குறைவு. குளிர்ந்த நாட்டில் எளிதாகத் தூக்கும் சுமையை மலாயாவின் நண்பகலில் தூக்க முடியாது. அதுவும் நான்கு பக்கமும் உயர்ந்த மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு வெளியிலிருந்து செங்குத்தாக எழும்புவதென்றால் சொல்லவே வேண்டாம். காயம்பட்டவர் இருவர் கிடக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் ஏற்ற முடியும் என்று கணக்குச் சொன்னால், விமானி அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். இரக்கப்பட்டு இருவரையும் ஏற்றினால் மூவரும் மடிய நேரும்.

1953ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் 848ஆம் அணி, அமெரிக்காவில் செய்யப்பட்ட பெரிய சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்களோடு மலாயா வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் விமானப் படையின் சிறிய மீட்புக் குழு 194ஆம் அணியாக வளர்ந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றதோடு, படைவீரர்களைக் காட்டின் நடுவே இறக்கிவிடும் வேலையும் ஹெலிகாப்டருக்கு வந்தது.

பிறகு சைக்கமோர் என்ற ஹெலிகாப்டர் வந்தது. அதன் சுழல் இறக்கைகள் மரத்தால் ஆனவை. நம் வெயிலும் ஈரமும் மரத்தை என்ன செய்யும் என்பது தோட்டத்து வீட்டின் கதவையும் சன்னலையும் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இறக்கைகள் பழுதுபட்டு விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் போயின. 1950களின் இறுதியில் அந்த ஹெலிகாப்டர்களின் பறப்பு நிறுத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் இறக்கையைக் கையால் தடவிப் பார்த்துச் சோதிப்பது வெறும் சடங்கன்று. அப்படிப்பட்ட விதிகளுக்குப் பின்னால் யாரோ கொடுத்த விலை இருக்கிறது.

1957இல் நாடு விடுதலை பெற்றது. 1958 சூன் 2ஆம் நாள் நம் விமானப் படை தோன்றியது. 1950களின் பிற்பகுதியில் காமன்வெல்த் படைகளுக்காக இங்கே மலாக்காவில் தெரண்டாக் முகாம் கட்டப்பட்டது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீரர்கள் இங்கே தங்கியிருந்தார்கள். 1970 வாக்கில் அது மலேசிய இராணுவத்தின் கைக்கு வந்தது.

நம் விமானப் படைக்கு 1960களில் இரண்டு வகை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஒன்று பிரான்சு நாட்டின் அலுவெத் 3. மற்றொன்று அமெரிக்காவின் சிகோர்ஸ்கி. அதற்கு 'நூரி' என்று ஒரு பறவையின் பெயரை வைத்தார்கள். வெள்ளக் காலங்களில் கூரைமேல் தவித்தவர்களுக்கும், சாலையில்லாத உட்புறக் கிராமங்களுக்கும் நூரி செய்த தொண்டு பெரிது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு 2020இல் அது ஓய்வு பெற்றது.

இந்த இரண்டுக்கும் இடையே ஒரு வியப்பான வேறுபாடு உண்டு. மேலிருந்து பார்த்தால் அலுவெத்தின் இறக்கை கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். நூரியின் இறக்கை அதற்கு எதிர்த் திசையில் சுழலும். ஆற்றலைக் கூட்டும்போது அலுவெத்தின் மூக்கு இடப்புறம் திரும்பப் பார்க்கும். நூரியின் மூக்கு வலப்புறம் திரும்பப் பார்க்கும். ஒன்றில் வலக்காலை அழுத்திப் பழகியவர் மற்றொன்றில் இடக்காலை அழுத்த வேண்டும். ஒன்றைக் கற்றுத் தேர்ந்தவரும் மற்றொன்றின் முன்னால் மறுபடியும் மாணவர்தாம்.

அலுவெத் 3 என்று சொன்னேன். அதே ஹெலிகாப்டரை இந்தியா 1962இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பெங்களூரில் தானே தயாரிக்கத் தொடங்கியது. இராணா பிரதாப்பின் குதிரையின் பெயரால் அதற்குச் 'சேத்தக்' என்று பெயரிட்டார்கள். இந்தியக் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிறவர்கள் இந்தச் சேத்தக்கில்தான் பழகிவந்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சிப் பள்ளி இருப்பது தமிழ்நாட்டில், அரக்கோணத்தில். நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த பழைய வட ஆற்காட்டுச் சீமையில் உள்ள ஊர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் திடல் ஒன்று அங்கே இருந்தது. அந்த இடத்தில் 1992ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கடற்படை விமானத் தளம் திறக்கப்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதனைத் திறந்துவைத்தார். அதன் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. இரையின்மேல் பாயும் பறவைக்குத் தமிழில் வழங்கும் பெயரே அந்தத் தளத்துக்கும் அமைந்தது. முன்பு கொச்சியில் இருந்த ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி பின்னர் அங்கே வந்தது.

அப்படி ஒரு பள்ளியில் சேருகிற இளைஞன், முதல் நாளே வானில் ஏறிவிடுவானா? இல்லை. முதலில் அவன் உட்காருவது நாற்காலியில். அவன் முன்னால் இருப்பது புத்தகம். நம் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

முதலில் பொறியின் உறுப்புகளைக் கற்க வேண்டும். அலுவெத் 3 முதன்முதலில் பறந்தது 1959 பிப்ரவரி 28ஆம் நாள். விமானியோடு ஏழு பேர் அமரலாம். மூன்று இறக்கைகள், அவை சுழலும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 11 மீட்டர். அதன் இயந்திரம் ஆர்தூஸ்த் என்னும் சுழலி. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 33,500 முறை சுழலும். தலைமேல் உள்ள இறக்கையோ நிமிடத்திற்குச் சுமார் 350 முறைதான் சுழலும். இடையிலுள்ள பல்சக்கரங்கள் அந்தப் பேய் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கின்றன. எண்ணெய் எங்கே ஓடுகிறது, எரிபொருள் எந்தக் குழாய் வழியாக வருகிறது, எந்த விளக்கு எரிந்தால் எது பழுது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஓட்டும் கருவிகள். இடக்கையில் ஒரு நெம்புகோல். அதை மேலே இழுத்தால் எல்லா இறக்கைகளும் ஒரே அளவில் சாய்வைக் கூட்டிக்கொள்ளும், ஹெலிகாப்டர் எழும்பும். கீழே தள்ளினால் இறங்கும். வலக்கையில் ஒரு கோல். அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் சுழல் வட்டம் முழுவதும் சாயும். ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் போகும். கால்களுக்கு இரண்டு மிதிகள். அவை வால் விசிறியை ஆள்கின்றன. மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் மாறும். இடக்கையை உயர்த்தினால் மூக்குத் திரும்பும். காலால் திருத்த வேண்டும். காலால் திருத்தினால் உடல் பக்கவாட்டில் நகரும். வலக்கையால் திருத்த வேண்டும். ஆகவேதான் தொடக்கத்தில் ஆசிரியர் ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டுமே மாணவனிடம் கொடுப்பார்; மற்ற இரண்டையும் தாமே பிடித்துக்கொள்வார். ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தப் பழகுவதே பெரும்பாடு. புதியவன் கைக்கு வந்ததும் ஹெலிகாப்டர் கட்டுத்தறி அறுந்த கன்றுபோல் துள்ளும். பிடியை இறுக்க இறுக்க ஆட்டம் கூடும். கையைத் தளர்த்தி, விரல் நுனியால் ஆளக் கற்றபின்தான் அது அடங்கும்.

மூன்றாவது, எல்லைகள். இதுவே பயிற்சியின் இதயம் என்பேன்.

அலுவெத் 3 எல்லாச் சுமையும் சேர்த்து 2,200 கிலோவுக்கு மேல் கனக்கக் கூடாது. மணிக்கு 210 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. உயரம் கூடக்கூட இந்த வேக எல்லை இன்னும் குறையும். ஏன் இந்த எல்லை? சியர்வாவைத் தொல்லைப்படுத்திய அதே காரணந்தான். ஹெலிகாப்டர் வேகமாக முன்னே போகப் போக, பின்னோக்கிப் போகும் பக்கத்து இறக்கைக்குக் காற்று குறைந்துகொண்டே வருகிறது. ஓர் அளவுக்கு மேல் அந்தப் பக்கம் தாங்கும் ஆற்றலை இழக்கும். கீல் அந்தக் குறையை ஓர் அளவுவரைதான் ஈடுசெய்யும்.

அதுபோலவே, நின்ற நிலையிலிருந்து மிக வேகமாக நேர்க்கீழே இறங்கக் கூடாது. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் அமிழ்ந்துவிடும். அப்போது நெம்புகோலை இழுக்க இழுக்க இன்னும் வேகமாகக் கீழே போகும். இதை அறியாதவன் உயிர் பிழைக்க எண்ணிச் செய்வதே அவனை அழிக்கும்.

எழும்புவதற்கு முன்னால் வெளியே எவ்வளவு வெப்பம், இடம் எவ்வளவு உயரம் என்று பார்த்து, இடக்கை நெம்புகோலை எதுவரை உயர்த்தலாம் என்பதை அட்டவணையில் கண்டுகொள்ள வேண்டும். இதே அலுவெத் 3, 1960ஆம் ஆண்டு ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில், 4,810 மீட்டர் உயரத்தில், ஏழு பேரோடு இறங்கிக் காட்டியது. அவ்வளவு வலிமை உடையதுதான். ஆனாலும் அரக்கோணத்துச் சித்திரை வெயிலில் புறப்படும்போது அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. வலிமை உள்ள பொறிக்கும் எல்லை உண்டு.

இனி அந்த மெராந்தி விதைக்கு வருகிறேன். பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும்? கல்லைப்போல விழுந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியன்று. இயந்திரம் நின்றவுடன், ஓரிரு நொடிக்குள், விமானி இடக்கை நெம்புகோலைக் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்கைகளின் சாய்வு தட்டையாகிவிடும். நின்றுபோன இயந்திரம் இறக்கையைப் பிடித்து நிறுத்தாதபடி ஒரு பற்சாதனம் இரண்டையும் பிரித்துவிடும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருளுகிறதே, அதைப்போல. ஹெலிகாப்டர் இறங்கும், கீழிருந்து மேலெழும் காற்று இறக்கையைத் தொடர்ந்து சுழற்றும். மெராந்தி விதை இறங்கும் அதே முறை.

தரை நெருங்கும்போது விமானி மூக்கைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைப்பார். கடைசியில் நெம்புகோலை இழுத்து, சுழலும் இறக்கையில் மிஞ்சியிருக்கும் ஆற்றலைச் செலவழித்து மெல்ல அமர்வார். அந்த ஆற்றல் ஒருமுறைதான் கிடைக்கும். குடும்பத்தின் அவசரத்துக்கு வைத்திருக்கும் உண்டியல் பணம்போல. முன்கூட்டியே செலவழித்துவிட்டால் உயரத்திலேயே தீர்ந்துவிடும். தாமதித்தால் தரையில் மோதிவிடும். இயந்திரம் நிற்கும் அந்தக் கணத்தில் யோசிக்க நேரமில்லை. ஆகவேதான் பயிற்சியின்போது ஆசிரியர் இந்நிலையைத் தாமே உண்டாக்கி, மாணவனை மறுபடி மறுபடி செய்ய வைக்கிறார்.

2024ஆம் ஆண்டு சூன் மாதம் அரக்கோணத்தில் பயிற்சி முடித்தவர்களில் அனாமிகா ராஜீவ் என்ற இளம்பெண் அதிகாரியும் ஒருவர். இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அவர். ஆண்களுக்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இருக்கையில் ஒரு பெண் அமர்ந்தார். அவருக்கும் அதே எல்லைகள், அதே அட்டவணை, அதே மிதிகள். பொறி ஆளைப் பார்ப்பதில்லை. அறிந்தவரா என்று மட்டுமே பார்க்கிறது.

நேயர்களே, "நமக்கு எதுக்கு" என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். அவனுடைய பாட்டியார் பால்மரம் வெட்டியவர். பால்மரம் வெட்டுவது என்றால் என்ன? கத்தி மேலோடு போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். பட்டை மறுபடி சரியாக வளராது. இடையே உள்ள எல்லை மிக மெல்லியது. விடியாத இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த எல்லையைக் கையாலேயே அறிந்து வெட்டியவர்கள் நம் தாய்மார்கள். பால் உறைய ஊற்றும் அமிலத்தின் அளவும் அப்படித்தான். மிஞ்சினால் ரப்பர் கெடும். எல்லை அறிந்து வேலை செய்யும் அறிவு தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் கற்பதும் அதே அறிவுதான். அதை அவன் எண்களாகவும் படங்களாகவும் கற்கிறான், அவ்வளவே வேறுபாடு.

அந்த வேறுபாட்டைத் தாண்டப் பள்ளிக்கூடம் உதவ வேண்டும். நம் மாநிலத்திலேயே, பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில், 1980களில் தொடங்கப்பட்ட விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று இருக்கிறது. பயிற்சிச் செலவு பெரிதுதான்; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விமானியாவது ஒன்றே வழியன்று. ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் தரையில் நின்று அதைச் செப்பனிடும் தொழில்நுட்பர்கள் வேண்டும். பறப்புக்கு முன் இறக்கையைச் சோதித்துக் கையெழுத்திடுபவர் அவரே. எந்த வழியில் போனாலும் கணிதம், அறிவியல், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் இவற்றைக் கைவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு பதினேழு வயதிலேயே மூடிவிடுகிறது. வாசல்வரை போகாமலே மூடிக்கொள்ளும் கதவு அது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பொறியைப் பற்றிக் கேள்வி கேட்டால், "போய் வேலையைப் பார்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டால், "நாளைக்கு ஐயாவிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் போதும். பிள்ளை மறுநாள் பள்ளிக்கு ஓடிவரும்.

அன்றைக்கு நான் அந்த இரண்டு மாணவர்களையும் முன்னே அழைத்தேன். ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்து, மேல்பாதியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் மடித்து, அடியில் ஒரு காகித ஊசியைச் செருகி, நாற்காலிமேல் நின்று கீழே விடச் சொன்னேன். அது சுழன்று சுழன்று மெதுவாக இறங்கியது. "நமக்கு எதுக்கு" என்று சொன்னவன்தான் அதைத் தரையிலிருந்து முதலில் எடுத்தான். இரண்டாவது ஊசியையும் செருகினால் என்ன ஆகும் என்று கேட்டான்.

எல்லையைப் பற்றிய முதல் கேள்வி அது. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றவர்கள் அனைவரும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினார்கள்.